சர்க்கரை நோய்க்குச் சத்து மாத்திரை தேவையா? ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

2025 பிப்ரவரி 2, காலை. திருவாரூர் வாசகரின் கேள்வி

என் அப்பாவுக்கு வயது 64. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் 1000 மி.கி. எடுக்கிறார், அதோடு கிளிமிபிரைடு. நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் போடுகிறார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4. சில மாதங்களாக இரவில் உள்ளங்கால் எரிகிறது என்கிறார். பகலில் பஞ்சில் நடப்பது போல இருக்கிறதாம். மருந்துக்கடையில் கேட்டபோது, சர்க்கரை நோயாளிகளுக்கென்றே தயாரானது என்று ஒரு மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தார்கள். குரோமியம், துத்தநாகம், செலினியம், பயோட்டின், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், ஃபோலிக் அமிலம், பி வைட்டமின்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் அச்சிடப்பட்டுள்ளன. சர்க்கரை உள்ள எல்லோருக்கும் சத்துக் குறைவு இருக்கும், ஆகவே எல்லோரும் இதை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். இது சரிதானா?

2025 பிப்ரவரி 2, இரவு

கடைக்காரர் சொன்னதை ஏற்க முடியாது. சர்க்கரை நோய் வந்துவிட்டது என்பதாலேயே ஒருவருக்கு இருபது சத்துகளும் குறைந்துவிடுவதில்லை. குறைவு இருப்பதாகப் பரிசோதனையில் தெரியாத ஒருவர் வைட்டமினோ தாது உப்போ எடுத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை கட்டுப்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. நான் மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் கடையில் நின்றவள், எனக்கும் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் எடுக்கிறேன். அந்தப் பெட்டி எதற்காக விற்கப்படுகிறது என்பதை இரு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆனால், தம்பி, உங்கள் அப்பாவின் மருந்துச் சீட்டைப் படிக்கும்போது ஒரே ஒரு சத்தைப் பற்றி மட்டும் உடனே கேட்கத் தோன்றுகிறது. அது பி12. நாம் உண்ணும் பி12, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை சென்று, அங்கே கால்சியத்தின் துணையோடு குடல் சுவருக்குள் நுழைகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் மெட்ஃபார்மின் தடுக்கிறது என்று கருதப்படுகிறது. நெதர்லாந்தில் இன்சுலின் போட்டுவந்த 390 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், சுமார் நான்கு ஆண்டுகள் மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில் 19 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குறைவு ஆண்டுகள் செல்லச் செல்ல வளர்ந்துகொண்டே போனது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல், பி12 குறைவை மெட்ஃபார்மினின் பரவலான பக்கவிளைவுகளில் ஒன்றாகவே சேர்த்து, அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யும்படி மருத்துவர்களை அறிவுறுத்தியது. அளவு கூடக்கூட, ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது.

பான்டோபிரசோலும் இதில் சேர்ந்துகொள்கிறது. உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12 பிரிந்து வர இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்தால் வரத்தே குறைகிறது. நம் ஊரில் சுகர் மாத்திரையும் கேஸ் மாத்திரையும் ஒரே டப்பாவில் இல்லாத வீடு அரிது. பதினோரு ஆண்டு மெட்ஃபார்மின், தினசரி பான்டோபிரசோல், எரியும் பாதம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்க்கும் எவரும் முதலில் பி12 பரிசோதனையைத்தான் கேட்க வேண்டும்.

2025 பிப்ரவரி 3, காலை

நேற்று எழுதியதில் ஒன்றை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீணாகும். பெட்டியைத் திறப்பதற்கு முன் இரத்தம் கொடுங்கள். மாத்திரையோ ஊசியோ போட்ட பிறகு எடுத்தால், இரத்தத்தில் பி12 உயர்ந்தே காட்டும். நரம்பின் நோவுக்கு அது காரணமா இல்லையா என்ற கேள்விக்கு அதன் பிறகு விடை கிடைக்காது.

ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டது ஐயத்துக்குரிய பகுதி. அங்கே, பி12 குறைந்தால் இரத்தத்தில் உயரும் மெத்தில் மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் என்ற பொருளின் அளவைப் பார்த்து முடிவுக்கு வருவார்கள். முழு இரத்த அணுப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். சிவப்பணுக்களின் சராசரிக் கன அளவு கூடியிருந்தால் அது ஒரு தடயம். கூடாமலிருந்தாலும் பி12 குறைவு இல்லையென்று ஆகிவிடாது, ஏனென்றால் இரத்தச் சோகை வருவதற்கு முன்பே நரம்பு கெடத் தொடங்கலாம்.

இங்கேதான் அந்தப் பெட்டியிலுள்ள ஃபோலிக் அமிலம் எனக்குக் கவலை தருகிறது. பி12 குறைந்திருக்கும் ஒருவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தாராளமாகக் கொடுத்தால் இரத்தச் சோகை சரியாகிவிடும். அறிக்கை அழகாக வரும். நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடர்ந்துகொண்டிருக்கும்.

2025 பிப்ரவரி 3, இரவு

இரண்டு மூன்று பேர், சர்க்கரையால் வரும் நரம்பு நோய்க்கும் இதற்கும் வேறுபாடு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவிடம் கண்டதைச் சொல்கிறேன். அவர் திண்ணையிலிருந்து இறங்கி வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். இடது கால் செருப்பு படியிலேயே கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. அதுவரை வீட்டில் எல்லோரும் சர்க்கரைக்கு இப்படித்தான் இருக்கும் என்றே பேசிவந்தோம். பார்த்துவந்த மருத்துவரும் எரிச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பார்த்த மருத்துவர், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டி, அதிரும் நிலையில் அக்காவின் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். குளிர்ச்சியாக இருக்கிறது என்றார் அக்கா, அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார், தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்தபோதுதான் தெரிகிறது என்றார். பின்னர் எழுந்து நின்று கண்களை மூடச் சொன்னார். மூடியவுடன் அக்கா பக்கவாட்டில் சாய்ந்தார், தாங்கிப் பிடித்தோம். இந்தச் சோதனைகளால் மட்டும் காரணத்தைப் பிரிக்க இயலாது, சர்க்கரையும் இதைச் செய்யும் என்று அவர் விளக்கினார். பாதத்தைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால்தான் இரத்தம் பார்க்க வேண்டும்; பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரை செய்த சேதத்தைத் திருப்புவது கடினம். பி12 செய்ததில், காலத்தோடு பிடித்தால், ஒரு பகுதியையாவது மீட்கலாம். அக்காவுக்கு பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசிக்குப் பிறகு எரிச்சல் பெருமளவு தணிந்தது. அதிர்வுணர்ச்சி முழுவதும் திரும்பவில்லை.

அதனால்தான் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன். மெட்ஃபார்மினில் பல ஆண்டுகளாக இருப்பவர்கள், அதிலும் சோகையோ கால் மரத்துப்போதலோ உள்ளவர்கள், இடைவெளி விட்டு பி12 பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு கூறியது. அவர்களில் மிகப் பலர் எடுப்பது இந்த மலிவான, நல்ல மருந்தைத்தான். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை வந்து சேரும் ஒழுங்கோடு இந்தப் பரிசோதனையும் வந்து சேர வேண்டும் என்பது என் விருப்பம்.

2025 பிப்ரவரி 6

சேலத்து வாசகி ஒருவர், தாம் முழுச் சைவம், புளித்த இட்லி மாவிலும் சுருள்பாசியிலும் பி12 கிடைக்கும் என்று படித்ததாக எழுதியிருக்கிறார். அம்மா, அதை நம்பி இருக்காதீர்கள். பி12 தாவரங்களில் இல்லை. புளிக்கும் மாவில் உருவாகும் அளவு நம்பத் தகுந்ததாக இல்லை; சுருள்பாசியில் பெரும்பகுதி, பி12 போன்ற தோற்றம் கொண்ட, நம் உடலுக்குப் பயன்படாத வேறொரு பொருள். சைவருக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. ஒரு பெரிய தம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்கும். ஒரு நாளின் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். காப்பியில் ஊற்றும் கால் தம்ளர் பாலையும் சர்க்கரைக்குப் பயந்து குறைத்துவிட்ட முதியவர்கள் பலரை அறிவேன். கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டுகள் தாங்கும் என்பதால் பற்றாக்குறை மெதுவாகவே வெளிப்படும். சைவ உணவும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் அந்தக் கையிருப்பு விரைவில் கரையும்.

இன்னொருவர், தேவை 2 மைக்ரோகிராம் என்றால் மாத்திரையில் ஏன் 1000, 1500 என்று போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வழக்கமான வழியில் ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் வரைதான் குடல் ஏற்கும். அந்த வழி அடைபட்டவர்களுக்கு, கொடுக்கும் அளவில் ஏறக்குறைய 1 சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகிறது. 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 மைக்ரோகிராம் சேரும். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கும் மாத்திரை பெரும்பாலும் போதுமானதாக இருப்பது இதனால்தான். நரம்புக் கோளாறு முற்றியிருந்தால் மருத்துவர்கள் ஊசியிலேயே தொடங்குவார்கள்.

2025 பிப்ரவரி 9

குரோமியத்தைப் பற்றிப் பல கேள்விகள். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை பொய்யாகப் புனையப்பட்டதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1957-இல் ஷ்வார்ஸ், மெர்ட்ஸ் என்ற இருவர், ஒருவகை ஈஸ்ட்டை மட்டும் உணவாகக் கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைவதையும், வேறு உணவிலுள்ள ஏதோ ஒரு பொருள் அதைச் சரிசெய்வதையும் கண்டார்கள். அந்தப் பொருளில் செயல்படுவது குரோமியம் என்று இரண்டு ஆண்டுகள் கழித்து அறிவித்தார்கள். 1977-இல் டொரண்டோவிலிருந்து ஒரு நோயாளியின் வரலாறு வெளியாயிற்று. குடல் வழி உண்ண இயலாமல் ஆண்டுக்கணக்கில் இரத்தக் குழாய் வழியாகவே உணவு பெற்றுவந்த ஒரு பெண்ணுக்கு எடை குறைந்து, சர்க்கரை ஏறி, நரம்பும் கெட்டது. கொடுக்கப்பட்ட திரவத்தில் குரோமியம் சேர்த்தபின் அவர் தேறினார். 1997-இல் சீனாவில் 180 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு நாளுக்கு 1000 மைக்ரோகிராம் குரோமியம் பிக்கோலினேட் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது.

இதன் பிறகு பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. 2005-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குரோமியம் பிக்கோலினேட்டுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு மிகவும் ஐயத்துக்குரியது என்ற வாசகத்தைச் சேர்த்தால்தான் பெட்டியில் அதைப் பற்றிப் பேசலாம் என்றது. 2014-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குரோமியத்துக்கு அன்றாடத் தேவை அளவு ஒன்றை வகுப்பதற்கே போதிய காரணம் இல்லை என்று விட்டுவிட்டது. இரத்தக் குழாய் வழியாக மட்டும் உணவு பெற்ற ஒருவரின் பற்றாக்குறையை, சோறும் பருப்பும் காய்கறியும் உண்கிற நம்மேல் ஏற்றிச் சொல்வது முறையாகாது. குரோமியம் பெரும்பாலோருக்குக் கேடு செய்யாது என்பதும் உண்மைதான். ஆனால் மாதந்தோறும் அந்தப் பெட்டிக்குப் போகும் பணத்தில் குளுக்கோமீட்டர் பட்டைகள் வாங்கலாம். அந்தப் பட்டைகள் உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

2025 பிப்ரவரி 10

மெக்னீசியம்: சிறுநீரில் சர்க்கரை மிகுதியாகப் போகும்போது மெக்னீசியமும் உடன் போகும், கேஸ் மாத்திரையை நெடுநாள் எடுப்பதாலும் அது குறையலாம். குறைந்திருந்தால் ஈடுசெய்ய வேண்டும். குறையாதவருக்குக் கேழ்வரகு, பயறு, நிலக்கடலை, கீரை போதும். சிறுநீரகம் பழுதானவர்கள் மெக்னீசிய மாத்திரையைத் தாமாக எடுக்கவே கூடாது. துத்தநாகத்தைப் பெரிய அளவில் நெடுங்காலம் எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். தாமிரக் குறைவும் நரம்பைக் கெடுக்கும்.

ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தை நான் முற்றாக ஒதுக்கவில்லை. நாளொன்றுக்கு 600 மி.கி. கொடுத்துச் செய்த ஆய்வுகளில் கால் எரிச்சலும் குத்தலும் ஓரளவு தணிந்தன. உங்கள் பெட்டியைத் திருப்பி அளவைப் பாருங்கள். நம் ஊர்க் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் 100 மி.கி. இருக்கும்.

2025 பிப்ரவரி 15

இன்று எழுதப்போவதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த அக்கறை. சத்து மாத்திரை பயன் தராவிட்டால் பணம் போகும், அவ்வளவே என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவோடு நிற்பதில்லை. சர்க்கரை நோயாளி தன் உடல்நிலையை எண்களைக் கொண்டே அறிகிறார். அந்த எண்களையே சில சத்துகள் பிறழச் செய்கின்றன.

முதலில் பயோட்டின். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடி உதிர்வதற்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும். ஆய்வகங்களில் பல ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டினைப் பிடிப்பாகக் கொண்டே நடக்கின்றன. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் கணக்கு தவறும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் வரலாம். தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு இப்படி வந்தால், தேவையே இல்லாமல் அந்த மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். மாரடைப்பை அறியப் பார்க்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டி, ஒருவர் இறந்துபோனதைக் குறிப்பிட்டு 2017-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். அவருக்கு இந்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தைராய்டு பார்ப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். எடுத்துவருவதை ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது வைட்டமின் சி. கொரோனாக் காலத்தில் தொடங்கிய 500 மி.கி. சப்பும் மாத்திரையை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரிகள் சிலவற்றின் கையேட்டிலேயே, ஒரு நாளில் 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம் என்று எழுதியிருக்கிறது. கூடிக் காட்டுவதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

மூன்றாவது, மூன்று மாதச் சராசரி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. இரும்போ பி12-ஓ குறைந்து புதிய அணுக்கள் வருவது மந்தமானால், பழைய அணுக்களே மிகுந்து சராசரி உண்மையைவிடக் கூடிக் காட்டலாம். அந்தக் குறைவைச் சரிசெய்யத் தொடங்கியதும் புதிய அணுக்கள் திரண்டு வந்து சராசரி குறையும். சர்க்கரை அப்படியே இருக்கும். எண் மட்டும் இறங்கும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் சுகர் குறைகிறது என்று ஊரில் பேசிக்கொள்வதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

2025 பிப்ரவரி 16

நேற்றைய குறிப்பைப் படித்த ஆய்வகப் பணியாளர் ஒருவர், பயோட்டின் எல்லாப் பரிசோதனைகளையும் கெடுக்கும் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை பயோட்டினால் மாறாது. மூன்று மாதச் சராசரியும் பொதுவாக மாறாது. தைராய்டு, ட்ரோபோனின், இன்சுலின், சி-பெப்டைடு போன்றவற்றில்தான் கவனம் வேண்டும். அதுவும் ஆய்வகத்தின் கருவியைப் பொறுத்தது.

2025 பிப்ரவரி 23

அப்படியானால் பி12 வேண்டும் என்பதற்காக பி காம்ப்ளெக்ஸை எல்லோரும் தினமும் போட்டுக்கொள்ளலாமே என்று மதுரை வாசகர் கேட்கிறார். இம்மாதம் 2ஆம் தேதி நான் எழுதியதை அப்படி விரித்துக்கொள்ள வேண்டாம், ஐயா.

சர்க்கரையால் சிறுநீரகம் பழுதடைந்த 238 பேரிடம் கனடாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிரிவினருக்குத் தினமும் ஃபோலிக் அமிலம் 2.5 மி.கி., பி6 25 மி.கி., பி12 1 மி.கி. கொடுத்தார்கள், ஹோமோசிஸ்டீன் குறைந்தால் சிறுநீரகமும் இரத்தக் குழாய்களும் பிழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. ஹோமோசிஸ்டீன் குறையத்தான் செய்தது. ஆனால் மூன்று ஆண்டு முடிவில், வைட்டமின் பெற்றவர்களின் சிறுநீரக வடிகட்டும் திறன் மற்றவர்களுடையதைவிட வேகமாகச் சரிந்திருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களுக்கே மிகுதியாக வந்தன. மூன்றில் எது காரணம் என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. கிரியேட்டினின் ஏறியவர்கள், சிறுநீரில் புரதம் போகிறவர்கள், நரம்புச் சத்து என்று எழுதியிருப்பதை எல்லாம் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பி6-ஐத் தனியாகவும் சொல்ல வேண்டும். அது மிகுந்தால் கால் எரியும், மரக்கும், நடை தடுமாறும். அதாவது எந்த உபாதைக்காக அதை விழுங்குகிறோமோ அதே உபாதை. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை ஒரு நாளைக்கு 12 மி.கி. ஆகக் குறைத்தது. ஒரு நரம்பு மாத்திரை, ஒரு மல்டிவைட்டமின், வலி மாத்திரையோடு கலந்துவரும் வைட்டமின் என்று மூன்று அட்டைகளிலும் பி6 இருக்கலாம். அட்டைகளின் பின்புறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பைரிடாக்சின் என்ற பெயரைத் தேடிக் கூட்டிப் பாருங்கள்.

அட்டையைத் திருப்பும்போது இன்னொன்றையும் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் கீழ் வருகிற சத்துப் பொருள்களில் ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’, அதாவது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் இந்திய விதி. முகப்பில் சர்க்கரை நோயாளிகளுக்கு என்றும், பக்கவாட்டில் பொடி எழுத்தில் மருந்து அன்று என்றும் ஒரே பெட்டியில் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

2025 மார்ச் 2

வைட்டமின் டி பற்றி. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 2,423 பேருக்கு, பாதிப் பேருக்குத் தினமும் 4,000 அலகும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. வைட்டமின் பெற்றவர்களில் சர்க்கரை நோய் வந்தோர் சற்றுக் குறைவு. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவுக்கே அந்த வேறுபாடு இருந்தது. ஏற்கெனவே சர்க்கரை வந்தவருக்கு அதைக் குறைக்க வைட்டமின் டி கொடுப்பதற்கு இது ஆதரவாகாது. எலும்புக்காகவோ, குறைவு தெரிந்ததாலோ எடுப்பது வேறு விஷயம்.

நம் ஊரில் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 அலகு மாத்திரையைத் தினமும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. எட்டு வாரம் என்று எழுதியதை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவர்களும் உண்டு. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். அப்போது தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோர்வு, வாந்தி, மலச்சிக்கல் வரும். முதல் இரண்டையும் கண்ட வீட்டார் சுகர் ஏறிவிட்டது என்றே எண்ணுவார்கள். அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

2025 மார்ச் 9

வைட்டமின் டி பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். அது போன்ற மூன்று ஆய்வுகளின் தரவுகளையும் ஒன்றாக்கி 2023-இல் செய்த பகுப்பாய்வில், விளிம்பு நிலையில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு வைட்டமின் டி-யால் சுமார் 15 சதவீதம் குறைந்தது தெரிந்தது. 2024-இல் அமெரிக்காவிலுள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம், அதிக ஆபத்துள்ள விளிம்பு நிலையினருக்கு உணவுப் பழக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றோடு வைட்டமின் டி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே, வருமுன் காப்பதில் ஒரு சிறு பங்கு அதற்கு இருக்கலாம் என்று இப்போது ஏற்கிறேன். நோய் வந்தவரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

செலினியம், வைட்டமின் ஈ இரண்டையும் கேட்டவர்களுக்கு: நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் கூடுதலாக வந்ததை 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 400 அலகு வைட்டமின் ஈ இதயத்தைக் காக்கவில்லை. நெடுநாள் தொடர்ந்தவர்களிடம் இதயச் செயலிழப்பு மிகுந்திருந்தது. உங்கள் பெட்டியில் செலினியம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

2025 மார்ச் 10

தைராய்டு மாத்திரையும் இரும்பு அல்லது கால்சிய மாத்திரையும் எடுப்பவர்கள், இடையில் நான்கு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையோடு தேநீரும் காப்பியும் வேண்டாம்.

2025 மார்ச் 18

திருவாரூர் தம்பி, அப்பாவின் அறிக்கையைப் படித்தேன். பி12 148, ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணுக் கன அளவு 104. அதாவது பி12 குறைவு, இரத்தச் சோகை, இயல்பைவிடப் பெரிய சிவப்பணுக்கள். கிரியேட்டினின் இயல்பாக இருப்பது ஆறுதல். மருத்துவர் ஊசியில் தொடங்கிப் பிறகு மாத்திரைக்கு மாற்றலாம் என்று சொல்லியிருப்பது முறையானது. பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தீர்கள் என்பதால்தான் இந்த 148 நமக்குத் தெரிந்தது. பான்டோபிரசோல் இன்னும் தேவையா என்று மறக்காமல் கேளுங்கள். பல வீடுகளில் எப்போதோ ஒரு மாதத்துக்கு எழுதியது நிற்காமலே ஓடிக்கொண்டிருக்கும். எரிச்சல் தணிய மாதங்கள் ஆகலாம். அதுவரை அப்பா வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்கள் பார்த்துவிடுங்கள், அவருக்குக் காயம் தெரியாமல் போகலாம்.

2025 மே 11

ஊசி தொடங்கி எட்டு வாரத்தில் மூன்று மாதச் சராசரி 7.4-லிருந்து 6.7-க்கு வந்திருப்பதாகவும், பி12 சர்க்கரையைக் குறைத்துவிட்டது என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரி 15ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படியுங்கள். நீங்கள் அனுப்பிய குளுக்கோமீட்டர் பட்டியலில் வெறும் வயிற்று அளவு பிப்ரவரியிலும் 150-ஐ ஒட்டி இருந்தது, இப்போதும் அப்படியே இருக்கிறது. குறைந்தது எண் மட்டுமே. புதிய சிவப்பணுக்கள் நிறைய வந்திருக்கின்றன. இந்த 6.7-ஐக் கண்டு மருந்தைக் குறைத்துவிட வேண்டாம் என்று மருத்துவரிடம் பட்டியலையும் காட்டிச் சொல்லுங்கள். சோகை சரியாகி மூன்று நான்கு மாதம் கழித்து எடுக்கும் சராசரியைத்தான் நம்பலாம்.

இத்தனைக்கும் காரணம் மெட்ஃபார்மின்தான் என்றால் அதை நிறுத்திவிடலாமா என்று உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள். 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பையும் இறப்பையும் குறைத்துக் காட்டிய மருந்து அது. பி12 குறைவை மலிவாகச் சரிசெய்ய முடியும். மெட்ஃபார்மினை விட்டால் அந்த இடத்தில் வருவது விலை கூடிய வேறொன்றாக இருக்கும், அல்லது கிளிமிபிரைடைக் கூட்டுவார்கள், அதனால் சர்க்கரை தாழும் ஆபத்து கூடும். அப்பா மெட்ஃபார்மினை எடுக்கும் காலம்வரை பி12 மாத்திரையும் உடன் போகட்டும். ஆண்டுக்கொரு முறை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியின் உறை பிரிக்கப்படவில்லை என்றால் கடையில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள், ரசீதோடு போங்கள்.